சும்மா தங்கலாம், வாங்க!

நியூசிலாந்தில் யாராவது உங்களிடம், "கொஞ்ச நாள் வெளியூர் போகிறோம், வீடு சும்மாதான் கிடக்கும், வந்து தங்கிக்கொள்ளுங்களேன்" என்று சொன்னால், உடனே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வீட்டில் மொத்தம் எத்தனை வாய்? எங்கள் சார்பில் பேசிய மருமகன் கேட்டது, வைஃபை நன்றாக வருமா என்று. வரும் என்றார்கள். பேச்சு முடிந்தது.

ஹவுஸ் சிட்டிங் அங்கெல்லாம் சகஜம். வீட்டுக்காரர் ஊருக்குப் போவார். முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியோடு வந்து அவர் கட்டிலில் படுத்து, அவர் பாத்திரத்தில் சமைத்து, வீட்டையும் பிராணிகளையும் பார்த்துக்கொள்வார். இவர் வாடகை தரமாட்டார், அவர் சம்பளம் தரமாட்டார். இதற்கென்றே இணையதளங்கள் உண்டு. பல நாடுகளுக்கும் ஆள் பிடித்துத் தரும் பெரிய தளம் ஒன்று 2010-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கியது. நம் ஊரில் கேஸை மூடி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்து, "துளசிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க மாமி" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுவோம். நாய் தெருவின் பொறுப்பு. அங்கே இருப்பதெல்லாம் வீட்டு நாய், அதற்குப் பிறந்தநாள்கூட உண்டு. போகட்டும், நாயையும் பூனையையும் பணம் கட்டி விடுதியில் விடலாம். பன்றியை எந்த விடுதியில் சேர்ப்பது? அந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் தேவைப்படுகிறோம்.

வீடு வைரராப்பா பகுதியில், கார்ட்டர்டன் ஊருக்கு வெளியே இருந்தது. மகளோடு வெலிங்டனில் குடியேறிவிட்ட எங்களுக்கு அது மலைக்கு அந்தப் பக்கம். ரயிலில் போனால் 1955-இல் திறந்த, ஏறக்குறைய 8.8 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியாக அலுங்காமல் போய்ச் சேரலாம். ஆனால் மிக்சி, இட்லிப் பானை, அரிசி மூட்டை சகிதம் ரயிலேற முடியுமா? ஆகவே கார். ரெமுடாக்கா மலைப்பாதை 555 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும். அழகான பாதை என்கிறார்கள். என் மனைவி இன்றுவரை பார்த்ததில்லை. ஏற்றம் தொடங்கும்போது கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் ஆரம்பித்தால், ஃபெதர்ஸ்டன் வந்துதான் திறப்பாள்.

ஜூலை மாதம். நமக்கு ஆடிக் காற்று, அவர்களுக்கு நடுக்குளிர். குளிர் தாங்காமல் வீட்டுக்காரத் தம்பதி ஃபிஜிக்குக் கிளம்பினார்கள். குளிரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள நாங்கள் வந்து இறங்கினோம்.

இந்த மாதிரி இடத்துக்கு அங்கே லைஃப்ஸ்டைல் பிளாக் என்று பெயர். நகரத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் சில ஏக்கர் வாங்கி, மனத்திருப்திக்காகப் பண்ணை நடத்துவது. பிழைப்புக்கு வளர்ப்பவன் ஒரே இனத்தை வளர்ப்பான். திருப்திக்கு வளர்ப்பவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் வளர்ப்பார். இங்கே நாய் ஒன்று, பூனை ஒன்று, சேவல் ஒன்று, கோழிகள் ஏழு, பன்றி ஒன்று, அல்பாகா இரண்டு, செம்மறி நான்கு. எல்லோருக்கும் பெயர் உண்டு. கோழிகளுக்கு இங்கிலாந்து ராணிகளின் பெயர்.

சமையலறை மேசையில் ஒரு ஃபைல் காத்திருந்தது. நான் வங்கியில் குப்பை கொட்டியவன், சுற்றறிக்கைகளை வரிவிடாமல் படித்து வளர்ந்தவன். இவ்வளவு தெளிவான ஓர் ஆவணத்தை ஆபீசில்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிராணிக்கும் படம், வயது, உணவு, மருந்து, குணம், பயம். 'டியூக்குக்கு இடி என்றால் பயம், ரேடியோவைப் போடவும்.' 'டோரிஸ் சாப்பிடவே இல்லை என்பது போல் நிற்பாள், நம்ப வேண்டாம்.' வீட்டைப் பற்றிக் கடைசியில் அரைப்பக்கம்: விறகு அடுப்பு ராத்திரி அணையக் கூடாது, கூரையில் விழும் மழைத் தண்ணீர்தான் தொட்டிக்கு வருகிறது, குளியல் சுருக்கமாக முடியட்டும்.

டியூக் ஹண்ட்அவே ஜாதி. நியூசிலாந்திலேயே உருவான நாய். வேறு சில மேய்ப்பு நாய்கள் ஆட்டை முறைத்தே நகர்த்தும், இது குரைத்தே மலையேற்றி இறக்கும். 2013-இல் அந்நாட்டுக் கென்னல் கிளப் முறைப்படி அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. டியூக் ஓய்வு பெற்றுவிட்டான் என்றது ஃபைல். நானும்தான் ஓய்வு பெற்றேன், வாயை மூடிக்கொண்டா இருக்கிறேன்?

மறுநாள் காலை மனைவி தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டாள். (மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.) மிக்சி குரல் கொடுத்தது. டியூக் பதில் குரல் கொடுத்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் குரைத்தால் ஆடுகள் ஓட வேண்டும் என்பது பரம்பரை விதி, ஓடின. ஆடுகள் ஓடியதைப் பார்த்து அல்பாகாக்கள் கழுத்தை நீட்டின. கோழிகள் காரணம் தெரியாமலே கத்தின. இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்றால் எங்கோ சாப்பாடு போடுகிறார்கள் என்று முடிவு கட்டி, டோரிஸ் பன்றி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மனைவி மிக்சியை நிறுத்தினாள். எல்லாம் நின்றது.

"ஏங்க, சட்னி இன்னும் கரகரன்னு இருக்கே?"

"அப்படியே தாளிச்சுக் கொட்டிடு."

அந்த வீட்டில் இருந்தவரை சட்னி கரகரப்புதான்.

வெங்காயம், பூண்டு, திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம் என்று ஃபைலில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. முதல் இரண்டும் இல்லாத பண்டமாகப் பாயசம் கொடுக்கலாம் என்றால், அதில் உலர் திராட்சை. ஆக எங்கள் சமையலில் டியூக்குக்குத் தேறியது வெறும் சோறு.

பூனையின் பெயர் வின்ஸ்டன். அவனுக்குச் சர்க்கரை வியாதி. எனக்கும். இரண்டு பேருக்கும் இன்சுலின். அவனுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, நேரம் தவறக் கூடாது, வெறும் வயிற்றில் போடக் கூடாது. ஃபிரிட்ஜில் இரண்டு டப்பா. மனைவி ஒன்றில் 'பூனை' என்றும் மற்றதில் 'இவர்' என்றும் எழுதி ஒட்டினாள். காலை ஏழு மணிக்கு முதல் மரியாதை பூனைக்கு. அது தட்டில் வாய் வைத்திருக்கும்போதே பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி, குத்தி, எடுத்துவிடுவாள். "சமத்து! என் ராஜா! வலிச்சுதாடா?" என்று தலையைத் தடவி, சைவக்காரி தன் கையால் காய்ந்த மீன் துண்டு ஒன்றும் கொடுப்பாள். அடுத்து நான். "சட்டையைத் தூக்குங்க, நேரமாச்சு."

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம், யார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். எங்கள் கூண்டில் எலிசபெத் எல்லோரையும் கொத்துவாள். ஆன் எல்லோரிடமும் வாங்குவாள். அந்த ஆன், நான் தீவன டப்பாவோடு உள்ளே போனதும் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக வந்து என் கணுக்காலைக் கொத்துவாள். அவளுக்கும் கீழே ஒருவன் கிடைத்த சந்தோஷம். இருட்டும்போது தாமாகவே கூண்டுக்குள் போய்விடும், எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவதுதான் வேலை. அந்த நாட்டில் நரி இல்லை. ஆனால் கீரியைப் போல் கோழி பிடிக்கும் ஸ்டோட்டும் ஃபெரெட்டும் உண்டு. முயலை ஒழிக்க என்று 1880களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டவை. இப்போது முயலும் இருக்கிறது, இவையும் இருக்கின்றன.

டோரிஸ் குனேகுனே பன்றி. மாவோரி மக்கள் வளர்த்த குட்டைக்கால் இனம். உடம்பெல்லாம் ரோமம், தாடைக்குக் கீழே ஜிமிக்கி மாதிரி இரண்டு சதைத் தொங்கல். 1970களின் இறுதியில் அழிந்துபோக இருந்ததை வனவிலங்குப் பூங்கா வைத்திருந்த இருவர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றினார்கள். புல் மேய்ந்தே வயிறு வளர்க்கும் என்பது புத்தகச் செய்தி. டோரிஸுக்குப் புல் வெற்றிலைபாக்கு மட்டுமே. இறைச்சி பட்ட எச்சில் உணவை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்காமல் பன்றிக்குப் போடக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. எங்களுடையது சைவச் சமையல், சட்டம் குறுக்கே வரவில்லை. கோஸ் தண்டு, கத்தரிக் காம்பு, பூசணிக் குடல் எல்லாம் அவளுக்கே. வாசலில் அவள் நின்றால் மனைவி இன்னொரு காய் நறுக்க ஆரம்பித்துவிடுவாள். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் தினமும் கூட்டு, பொரியல், அவியல்.

அல்பாகாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்ல முனகும், ஒரே இடத்தில் ஒழுங்காகச் சாணம் போடும், தீவனத் தகராறு வந்தால் துப்பும். அந்தத் துப்பல் பச்சையாக இருக்கும். சட்டையிலிருந்து நாற்றம் போகாது.

இனி மாட்டில்டா. அன்று உறைபனி. தண்ணீர்த் தொட்டியில் மேலே கட்டியிருந்த பனிக்கட்டியைக் கம்பியால் உடைத்துக்கொண்டிருந்தேன். ஆடுகளை எண்ணினால் மூன்று. நாலாவது, பள்ளத்தில், நான்கு காலும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. சினைப்பட்ட ஆடு மல்லாந்துவிட்டால், வயிற்றுப் பாரத்தாலும் கம்பளியின் பாரத்தாலும் தானாக எழ முடியாது. ஏப்பம் விட வழியில்லாமல் வயிற்றில் காற்று சேர்ந்து சில மணி நேரத்தில் செத்துப்போகும். 'உடனே நிமிர்த்தவும்' என்று ஃபைலில் இரண்டு கோடு போட்டிருந்தது.

ஓடினேன் என்று எழுத ஆசைதான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கீழே வழுக்கும் புல்; போய்ச் சேர்ந்தேன். மாட்டில்டா என் எடைக்குக் குறையமாட்டாள். வேலிக்கு அப்பால் ஷாலைப் போர்த்திக்கொண்டு மனைவி, "காலைப் பிடிங்க! அந்தக் கால் இல்லீங்க!" என்று வழிகாட்டினாள். டியூக் விஷயம் பெரிது என்று புரிந்து முழு மூச்சாகக் குரைத்தான். குரைத்தால் ஓட வேண்டும் அல்லவா? மாட்டில்டா மல்லாந்த நிலையிலேயே ஆகாயத்தில் ஓடினாள். ஒரு குளம்பு என் மோவாயில் பட்டது. தோள்பக்கக் கம்பளியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து, முழங்காலை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, முருகா என்று தள்ளியதும் புரண்டாள்.

அதோடு விட்டால் பயனில்லை. கால் மரத்துப்போயிருக்கும், விட்டால் மறுபடி சாய்வாள். நிலை வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஈர ஆட்டை இடுக்கி, கழுத்தைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டியில் வந்தார். ஸ்டீயரிங்கிலிருந்து ஓர் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். அந்தப் பக்கத்து கிராமத்து வணக்கம் அவ்வளவுதான். வேகம்கூடக் குறையவில்லை. தப்பில்லை. பக்கத்து ஊர் மாஸ்டர்டனில் 1961 முதல் கோல்டன் ஷியர்ஸ் என்ற கம்பளி கத்தரிக்கும் போட்டி நடக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் ஓர் ஆட்டைப் புரட்டி, கத்தரித்து, எழுப்பி அனுப்பிவிடும் வல்லவர்கள் அதில் இறங்குகிறார்கள். அந்த ஊர்க்காரருக்கு நான் என்ன வேடிக்கை?

இந்தக் கத்தரிப்புக்கு டிமிக்கி கொடுத்து ஆறு வருஷம் குகைகளில் ஒளிந்திருந்த ஷ்ரெக் என்ற மெரினோ, தென் தீவில் 2004-இல் பிடிபட்டது. 27 கிலோ கம்பளி. அதைக் கத்தரிப்பதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். பிரதமரையும் போய்ப் பார்த்தது. ஆட்டை நிமிர்த்தியவனுக்கு அந்த மாதிரி ஏற்பாடு எதுவும் இல்லை.

தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பிராணியின் படமும் ஃபிஜிக்கு வாட்ஸ்அப்பில் போக வேண்டும். மாட்டில்டாவை நிமிர்த்திய அன்று, மோவாயில் பிளாஸ்திரியோடு நானும் ஒரு படத்தில் ஓரமாக விழுந்துவிட்டேன். உடனே பதில் வந்தது: "டோரிஸ் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறாளே?"

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் ஒரு வார்த்தை. நாங்கள் அங்கே வசிப்புரிமை உள்ளவர்கள். சுற்றுலா விசாவில் போகிறவர்கள் இதில் இறங்குவதற்கு முன் குடிவரவுத் துறையிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். பைசா வாங்காவிட்டாலும், தங்க இடமும் சாப்பாடும் பெற்றுக்கொண்டு செய்வதை நியூசிலாந்துச் சட்டம் வேலை என்றே எடுத்துக்கொள்ளும். அந்தச் சட்டத்தை எழுதியவர் ஒருநாளாவது யாருடைய பன்றியையாவது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.