கண் பிரஷரும் உப்பில்லாத ரசமும்

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அந்நூலில் உப்பு விற்கும் உமணர் வருகிறார்கள். கண் நீர் அழுத்தம் வரவில்லை. ஆகவே சங்க காலத்தைத் தாண்டி லேசர் காலத்துக்கு நேரே வந்துவிடலாம்.

கண் நீர் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு லேசர் வைப்பதால் வரும் சிக்கல்களை மருத்துவ நூல்கள் லேசர் முடிந்த நிமிடத்திலிருந்து எண்ணுகின்றன. மரக்காணத்து உப்பளக் கரையில் அவை முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. "கண்ணுல பிரஷர் இருக்கு" என்று முகாமில் சொல்லி அனுப்புவார்கள். அன்றிரவே மருமகள் தீர்ப்பு வழங்கிவிடுவாள்: "அத்தை, டாக்டரே பிரஷர்னு சொல்லிட்டாரு. இனிமே உங்களுக்கு உப்பு கிடையாது." ரத்தக் கொதிப்பு வேறு, கண்ணின் அழுத்தம் வேறு. பின்னது சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். ரசத்தில் உப்பைக் குறைத்து அதை இறக்க முடியாது. பகலெல்லாம் உப்பு வாரியவர் இரவில் உப்பில்லாத ரசம் குடிப்பதுதான் இச்சிகிச்சையின் முதல் சிக்கல். நூலாசிரியர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இனி நூலில் உள்ளவை. கண்ணுக்குள் நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டருக்குச் சற்று மேலாக நீர் ஊறி, ஐரிஸ் திரையின் ஓரக் கோணம் வழியே வடிகிறது. கோணம் அடைபட்டால், மடை தூர்ந்த பாத்திபோல நீர் தேங்கும். கோணம் குறுகியவர்களுக்கு யாக் லேசரால் ஐரிஸில் ஒரு நுண்துளை போடுகிறார்கள். அழுத்தத்தால் கெடுதி வராமலிருக்கச் செய்யும் இந்த லேசர் சிலருக்கு முதல் வேலையாக அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால்தான் முன்னும் பின்னும் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி அளக்கிறார்கள். மரக்காணம் பஸ் புறப்படுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

துளையோரம் கொஞ்சம் ரத்தம் கசியலாம். கண்மேல் வைத்த லென்ஸைச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அழற்சிக்குச் சில நாள் ஸ்டீராய்டு சொட்டு. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கண் சிவப்பு போன வேகத்தைப் பார்த்தவர் அந்தப் புட்டியைப் பத்திரப்படுத்துவார். உப்புக்காற்றில் கண் எரியும்போதெல்லாம் மருந்துக்கடையில் அதையே கேட்டு வாங்குவார். ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். நீண்டால் கிளாக்கோமாவே வரும். சீட்டில்லாமல் விற்றவருக்கும் அதில் பங்குண்டு.

அடுத்தது வெளிச்சக்கோடு. துளை இமையின் விளிம்பருகே அமைந்தால், அங்கே நிற்கும் கண்ணீர் ஒளியை முறித்து உள்ளே அனுப்பும். பார்வையில் ஒரு கோடு மினுங்கும். துளையை மேலே போடாமல் பக்கவாட்டில் போட்டால் இத்தொல்லை குறைவு என்றது 2014-இல் வெளிவந்த கனடா ஆய்வு. தென்னிந்தியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, எங்கே போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்றது. சித்திரை உச்சிவெயிலில், நாலாபுறமும் பாத்தி பளபளக்க நிற்பவரிடம் "கோடு ஏதாவது தெரியுதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "எல்லாமே மினுங்குதே சார்."

கோணம் திறந்திருக்கும் வகைக்கு எஸ்.எல்.டி. என்ற மென்மையான லேசர் உண்டு. 2019-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில், அதை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் மூன்றாண்டு வரை சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் "மூன்றாண்டு வரை" என்பதும் "கட்டுக்குள்" என்பதும் வழியிலேயே உதிர்ந்து, "சொட்டு மருந்தே இல்லாமல்" மட்டும் ஊர்வந்து சேரும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் லேசர் சரியாக வேலை செய்யும்போது வருவது. பக்கத்து வீட்டுக்காரர் கண்புரை ஆபரேஷன் செய்து மறுநாளே காலண்டர் தேதி படிக்கிறார். கிளாக்கோமா லேசரோ போன பார்வையைத் திருப்பித் தராது; இருப்பதைக் காப்பதோடு சரி. வலியும் இல்லை, தெளிவும் இல்லை. பிறகு எதற்கு மறுபடி போவது? மறுபரிசோதனைச் சீட்டில் பங்குனி மாதத் தேதி இருக்கும். அது உப்பு வாரும் காலம், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. "மழை விழட்டும், வரேன் சார்" என்று கும்பிட்டுப் போவார்கள். பங்குனிக்கும் ஐப்பசிக்கும் நடுவே ஏழு மாதம் என்பது பஞ்சாங்கக் கணக்கு.