மஞ்சப்பை பத்திரம்!

இடுப்பளவு கடல் தண்ணீரில், அலைக்கு முதுகையும் கரைக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு ஒருவர் குளிக்கிறார் என்றால் சந்தேகமே வேண்டாம், அவர்தான் பத்திரம் மாமா. கடல் பார்க்க வந்தவர் கடலைப் பார்ப்பதில்லை. கரையில் விரித்த பாயைப் பார்க்கிறார். பாயில் அத்தை. அத்தை மடியில் மஞ்சப்பை. மஞ்சப்பையில் குடும்பத்தின் அசையும் சொத்து அத்தனையும். பின்னாலிருந்து வருகிற அலை ஒவ்வொன்றும் மாமாவின் பிடரியில் அறைந்துவிட்டுப் போகிறது. மாமா அசைவதில்லை. மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரைச் சிந்திவிட்டு, வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக் கத்துகிறார்:

“ஏ புள்ள! மஞ்சப்பை பத்திரம்!”

“இருக்குதுங்க” என்கிறார் அத்தை.

கேரளத்தின் 14 மாவட்டங்களில் கடலைத் தொடாதவை 5. பாலக்காடும் இடுக்கியும் அந்தக் கணக்கில் வருகின்றன. ஏறக்குறைய 590 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்தில், அந்த இரண்டு மாவட்டத் தமிழர்களான நமக்கென்று ஒரு முழம் கூடக் கிடையாது. கடல் நமக்கு வேன் பிடித்துப் போகிற சமாச்சாரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் என்றால் பள்ளிக்கூட லீவில் விடியுமுன் கிளம்பி, குருவாயூரில் கும்பிட்டுவிட்டு, அப்படியே சாவக்காடு கடற்கரை. மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் பக்கம் என்றால் போனஸ் வாங்கிய கையோடு கொச்சி, செராய். எந்த வேனாக இருந்தாலும் முன்சீட்டில் ஒரு பத்திரம் மாமா உண்டு.

மஞ்சப்பைக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. “திருடன் தோல்பையத்தான்டா பாப்பான். பொள்ளாச்சி ஜவுளிக்கடைப் பைய எவன் தொடுவான்?” பையின் மேல்தட்டில் ஈரத்துண்டு, சீப்பு, பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். அதற்குக் கீழே சம்பந்தி வீட்டில் கொடுத்த மறையூர்ச் சர்க்கரை, 2019 இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சர்க்கரை. அதற்கும் கீழே ஆளுக்கொரு செல்போன், மருமகனின் பர்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், நான்கு முடிச்சுப் போட்ட கைக்குட்டைக்குள் மாமாவின் மோதிரம், செயின், அத்தையின் வளையல். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்துக்காரர்கள் பளபளப்பான பையும் நம்பர் பூட்டுமாக வந்து திருடனுக்குப் பத்திரிகை வைக்கிறார்கள். மாமாவின் பை யார் கண்ணையும் உறுத்தாது. அதில் ஒரே ஓட்டைதான் உண்டு: மாமாவின் வாய்.

குளித்து முடிக்கும்வரை அந்த வாய்க்கு ஓய்வில்லை. முதல் முழுக்கு முடிந்ததும் பொதுவான விசாரணை: “பை இருக்கா?” இரண்டாவது முழுக்கில் கொஞ்சம் நுணுக்கம்: “மோதரம் அடியிலதான கெடக்கு?” மூன்றாவதில் முகவரி: “சர்க்கரப் பொட்டலத்துக்குக் கீழ! கைக்குட்டையில! முடிச்ச அவுத்துறாத!” நான்காவதில் எடை: “செயினு ரெண்டே கால் பவுனு புள்ள, ஞாபகம் வெச்சுக்க!” அந்த எடை அத்தைக்குத் தெரியாதா? வாங்கிய அன்று தராசுக்குப் பக்கத்தில் நின்றவரே அவர்தான். அதுவரை தெரியாமல் இருந்தவர்கள் கடலை வண்டிக்காரர், பட்டம் விற்கிறவர், பந்து விளையாடுகிற பையன்கள். இப்போது அவர்களுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் மாமா “பை?” என்று தொடங்கினாலே பக்கத்துப் பாய்க் குழந்தைகள் “இருக்குதுங்க!” என்று கோரஸ் பாடத் தொடங்கிவிடும்.

“இப்படிக் கத்தறீங்களே மாமா, எவனாச்சும் கேட்டா?” என்றால் சிரிப்பார். “இங்க எவனுக்குடா தமிழ் புரியும்?”

இது மாமாவின் மொழிக்கொள்கை. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டு விலையை அத்தையிடம் மலையாளத்தில் சொல்வார். குருவாயூர் வளையல் கடையில் தமிழில் சொல்வார். எல்லையில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், டீக்கடையில் இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று என்று ஆயுசு முழுக்கப் பேசுகிறவர். தனக்கு இரண்டும் வருகிறதே, அடுத்தவனுக்கும் வரலாமே என்கிற யோசனை மட்டும் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. பொள்ளாச்சியில் மாடு விற்கிறவர் பாதி நாள் பாலக்காட்டில் இருப்பவர். சாவக்காட்டில் கடலை விற்கிறவருக்கு ஊர் மதுரைப் பக்கம். தமிழ்ப் படம் ஓடாத தியேட்டர் கேரளத்தில் எங்கே இருக்கிறது?

சொல்லிச் சொல்லி ஒருமுறை மாமா சங்கேத மொழிக்கு இறங்கிவந்தார். வேனிலேயே அத்தைக்குப் பாடம் நடந்தது. மோதிரம் என்றால் நெல்லிக்காய். செயின் என்றால் பாவக்காய். செல்போன் என்றால் தேங்காய். கடலில் இறங்கி இரண்டு முழுக்குப் போட்டதும் மாமா பெருமையாகக் குரல் கொடுத்தார்: “நெல்லிக்கா பத்திரம்!”

அத்தை பையைத் துழாவினார். “நெல்லிக்கா கொண்டாரலீங்களே!”

“நெல்லிக்கா புள்ள, நெல்லிக்கா! மோதரம்! மோதரத்தத்தான் நெல்லிக்கான்னேன்!”

கரை முழுக்க அந்தச் சங்கேத மொழியையும் கற்றுக்கொண்டது.

கரையில் விசிலோடு நின்ற காவலர் அன்றைக்கு மாமாவை நோக்கி இரண்டு தடவை ஊதினார். ரொம்ப உள்ளே போய்விட்டீர்கள், திரும்புங்கள் என்று அர்த்தம். விசில் வேறு யாருக்கோ என்று மாமா விட்டுவிட்டார். கடைசியில் காவலர் கையைத் தட்டி, நல்ல தமிழில் கூப்பிட்டார்: “அண்ணா, நெல்லிக்கா சர்க்கரைக்கு அடியில பத்திரமா இருக்கு. நீங்க கொஞ்சம் மேல ஏறி வாங்க.”

வெட்கப்பட்டிருக்க வேண்டிய மனிதர், “பாத்தியாடா, கவர்மென்டே நம்ம பையப் பாத்துக்குது” என்றார்.

தங்கத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டியைச் சூழ்ந்துகொண்டன. சில்லறை இல்லை. அத்தை மாமாவின் செல்லை எடுத்து ஸ்கேன் செய்தார். அது பின் நம்பர் கேட்டது. அத்தை விவரமானவர், கரையிலிருந்து சாடை காட்டித்தான் கேட்டார். மாமா வாயால் பதில் சொன்னார். நான்கு எண்களையும், ஒவ்வொன்றாக, அலை ஓய்கிற நேரம் பார்த்து, இரண்டு தடவை. “நான் பொறந்த வருசம்தான் புள்ள!” என்று கோனார் உரை வேறு. ஐஸ்கிரீம்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு, “அக்கா, வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த நம்பர மாத்தச் சொல்லுங்க” என்றார்.

செல் தொலைந்தால் வேறு எவரும் பயன்படுத்த முடியாதபடி முடக்க வழி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளத்தை அதற்காகத்தான் நாடு முழுவதற்கும் திறந்தது. போலீஸ் புகாரோடு, செல்லின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும். *#06# என்று அடித்தால் 15 இலக்கத்தில் திரையில் வந்து நிற்கும். அதை வீட்டு டைரியில் எழுதி வையுங்கள் என்று மாமாவிடம் சொல்லலாம்தான். அதையும் கடலில் நின்று படித்துவிடுவாரோ என்றுதான் பயம்.

மற்றப் பழக்கங்கள் எல்லாம் சில்லறை. வேன் சாவியை டயர் மேல் வைப்பார், நாடே அறிந்த ரகசிய இடம். செருப்பை ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பிரித்துப் போடுவார். மணலில் குழி பறித்துப் பர்ஸைப் புதைத்துவிட்டு, அடையாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நண்டு வளையைப் பார்த்து வைத்துக்கொள்வார். கடற்கரையில் நண்டு வளைக்கா பஞ்சம்?

இடுக்கிக் கிளை மாமாவுக்குப் பெரும்பாலும் அருவிதான் கடல். மறையூர் போகிற வழியில் லக்கம் அருவி, குமுளிக்காரர்கள் மலையிறங்கினால் சுருளி. அங்கே பையைப் பாறை மேல் வைப்பது வழக்கம். பாறையின் சொந்தக்காரர் குரங்கு. அதற்குத் தமிழும் வேண்டாம், மலையாளமும் வேண்டாம், பவுனும் வேண்டாம். முறுக்கு வேண்டும். பையின் மேல்தட்டில் முறுக்கு என்கிற தத்துவம் அங்கே கவிழ்ந்துவிடுகிறது. மோதிரத்தைக் கழற்றி வைப்பதில் மட்டும் இரண்டு கிளைகளும் செய்வது சரி. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். வெயிலில் இறுக்கமாக இருந்த மோதிரம் தண்ணீருக்குள் தானே வழுக்கும். சோப்பும் போட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தக் கழற்றலை வீட்டிலேயே செய்துவிட்டால் என்ன?

கேட்டிருக்கிறேன். “பூட்டின வீட்டுல வெச்சுட்டு வந்தா எனக்கு இங்க தண்ணியில எறங்க மனசு வருமாடா?” என்றார்.

அதில் நியாயம் இருக்கிறது. அந்த மோதிரமும் செயினும் கடற்கரைக்கு வந்ததைவிடக் கூட்டுறவு வங்கிக்குப் போனதுதான் அதிகம். விதைப்புக்குப் போகும், பம்ப்செட் பழுதுக்குப் போகும், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் வட்டி கட்டி மீட்டுக்கொண்டு வருவார். ஆளியாற்றுத் தண்ணீர் மணக்கடவில் குறைகிற வருடத்தில் சித்தூர்த் தாலுகா விவசாயிக்குக் கைகொடுப்பது வீட்டில் கிடக்கிற அந்த ரெண்டே கால் பவுன்தான். அப்படிப்பட்டவர் கத்தாமல் என்ன செய்வார்? இதை எழுதுகிறவனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அந்த மோதிரம் ஒருமுறை வங்கிக்குப் போயிருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. கேரளக் கரையில் கோடைக்காலத்தில் திடீரென்று கடல் ஏறிவருவது உண்டு. உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். கள்ளக்கடல் என்பார்கள் மீனவர்கள். 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் பல இடங்களில் இப்படித்தான் ஏறியது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிலையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. நம் லீவும் அதன் சீசனும் ஒன்றாக வருகின்றன என்பதை வேன் பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை.

நான் பார்த்தது அவ்வளவு பெரிதல்ல. வழக்கத்தைவிட நீளமாக வந்த ஒரு அலை, பாய்வரை வந்துவிட்டது. பாயில் அத்தை, பேத்தி, பை. மாமா கடலிலிருந்து கத்தினார்: “பை! பையத் தூக்கு!” அத்தை ஒரு கையில் பேத்தியையும் மறுகையில் பையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. மாமா மூச்சிரைக்க ஓடிவந்து கையை நீட்டி வாங்கியது பையை. முடிச்சை அவிழ்த்தார். மோதிரம் இருந்தது. செயின் இருந்தது. “அப்பாடா” என்றார்.

அத்தை கடலில் நனைந்தது அன்றைக்குத்தான். எத்தனையோ லீவு, எத்தனையோ வேன், அவர் ஒருநாள்கூடக் குளித்ததில்லை. குருவாயூரில் செல்போன் உள்ளே ஆகாது, ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். சட்டை போனால் சட்டைப்பையும் போயிற்று. காசு கொடுத்து வைக்கிற கவுன்டரை மாமா நம்பமாட்டார். “நாங்க போய் கும்பிட்டுட்டு வந்தர்றோம், அப்புறம் நீ போ.” வரிசையில் நின்று திரும்பி வரும்போது நடை சாத்தியிருக்கும். சாவக்காட்டிலும் அதே அப்புறம்தான். எல்லோரும் குளித்து, துவட்டி, புளிசாதம் சாப்பிட்டு முடிக்கும்போது வேன்காரர் ஹாரன் அடிப்பார். அத்தை இலைகளைப் பொறுக்கிக்கொண்டு ஏறுவார்.

1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151 ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அத்தை அதைச் சட்டம் படிக்காமலே, கூலி வாங்காமலே செய்துவருகிறார். அவரை மாற்றிவிட ஒரு ஆள் வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. அதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். யாரும் சொன்னதில்லை, நாங்கள் எல்லோரும் தண்ணீரில் இருந்தோம்.

ஆகவே வேன் பேசப் போகிறவர்களுக்கு: தங்கத்தை லாக்கரிலோ, ஊரில் இருக்கிற நம்பிக்கையான சொந்தக்காரரிடமோ விட்டுவிட்டுக் கிளம்புங்கள். கைச்செலவுக்குப் பணம், நாலு பேருக்கு ஒரு செல்போன் போதும். மிச்சத்தை மஞ்சப்பையிலேயே போடுங்கள், அந்தத் தத்துவத்தில் தப்பில்லை. கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். இரண்டு அணியாகப் பிரிந்து குளியுங்கள், முதல் அணியில் அத்தைமார்கள். பைக்குக் காவல் மாமா. அவரைவிடக் கண்ணும் கருத்துமான காவலாளி உங்களுக்குக் கிடைக்கமாட்டார், பை மடியிலேயே இருந்தால் கத்தவும் மாட்டார். அத்தை குளித்துவிட்டு வரும்வரை வேனை எடுக்காதீர்கள்.