சித்திரையில் சிக்கன் டின்னர் அடிப்பது எப்படி

ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். போர்வைக்குள் சுருண்டுகொண்டு பப்ஜி ஆடுகிறவர்களுக்கு யாரும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. இது வேலூர்க்காரர்களுக்கானது. மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று எங்கள் ஊருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு. ஏப்ரல் மாதம் பகல் 2 மணிக்கு ஆட உட்கார்ந்தவர்கள் அதில் ஃப்ரேமில்லா ஃபோனையும் சேர்த்துக்கொள்வார்கள்.

தேர்தல் வருஷமென்றால் இன்னும் விசேஷம். தமிழ்நாட்டில் ஓட்டு, பெரும்பாலும் சித்திரையை ஒட்டித்தான் வந்து சேர்கிறது. 2014இல் ஏப்ரல் 24, 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19. 2016இல் மே 16, நட்ட நடு அக்னி நட்சத்திரம். வெயில், பிரச்சார வேன், பப்ஜி மூன்றும் ஒரே வாரத்தில் தெருவில் இறங்கும்போது ஆட்டத்தில் ஜெயித்துச் சிக்கன் டின்னர் அடிக்க என்ன வழி?

முதல் வேலை, ஃபோனின் சூட்டைத் தணிப்பது. ஆட்டம் ஓட ஓட உள்ளே இருக்கும் சிப் காயும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபோனுக்கு விசிறி கிடையாது, முதுகுதான் உண்டு. வெளிக்காற்றே 41 டிகிரி என்றால் எங்கே தள்ளும்? 35 டிகிரி வரை உள்ள இடத்தில் ஐஃபோனைப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூரைப் பார்க்காமல் எழுதிய வாசகம். சிப், உயிர் பிழைக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை மங்கும், சார்ஜ் ஏறாது. எதிரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறான். உங்கள் கண்ணுக்கு மட்டும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி விட்டுவிட்டுத் தெரிகிறான். நீங்கள் சுடுவது அவன் போன பக்கத்தை.

அதற்காக ஃபோனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்; சர்வீஸ் கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். முதுகில் கவ்விக்கொள்ளும் கூலர் ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்குமுன் வீட்டுப் பரணைப் பாருங்கள். 2011இல் மிக்சி, கிரைண்டரோடு வாக்குறுதி கொடுத்து, வென்றபின் அ.தி.மு.க. அரசு வழங்கிய விலையில்லா மின்விசிறி அங்கே தூசி படிந்து இருக்கும். பருவநிலை என்ற பேச்சையே எடுக்காமல் வெயிலுக்கு எதிராக வீடு வீடாக நடந்த பெரிய திட்டம் அதுதான் என்பது என் கட்சி. விசிறியைத் துடைத்து ஃபோனுக்கு நேராக வையுங்கள். அதில் முதல்வர் படம் இருந்தால், நடத்தை விதிகள் அமலில் இருக்கும்வரை மேலே ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். பறக்கும் படை எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

மேப் விஷயத்தில் கறாராக இருங்கள். மிராமார் வேண்டாம். அது பாலைவனம்; அதைப் பார்க்க ஜன்னலைத் திறந்தாலே போதும். பனி கொட்டும் விகெண்டி கிடைத்தால் கண்ணாவது குளிரும். எந்த மேப்பானாலும் பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே மாட்டினால் உயிர் குறையும். வேலூர்த் தெருவில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். உச்சிவேளையில் வேப்பமர நிழல் சுருங்கச் சுருங்க ஆட்டோக்காரர், ஆடு, தெருநாய், இரண்டு கட்சிகளின் பூத் ஏஜென்ட் எல்லாரும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

வயது முக்கியம். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று பேரை மாற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் சிவப்பிலிருந்து பச்சையாகியிருந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது. பேரும் நிறமும் மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை. அந்தக் கடைசி வருகையில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம். ஆக, பதினெட்டாம் பிறந்தநாளில் இந்தியக் குடிமகனுக்கு இரண்டு உரிமைகள் வந்து சேர்ந்தன. எதற்கு முதலில் விண்ணப்பித்தான் என்று அவன் அம்மாவைக் கேளுங்கள்.

ஸ்குவாடில் இரண்டு கட்சிக்காரர்களைச் சேர்க்காதீர்கள். "அண்ணா, நாக்காயிட்டேன், ரிவைவ் குடுங்கண்ணா" என்று ஒருவன் கதறும்போது, "உங்க ஆளு போன தடவை என்ன பண்ணாருன்னு சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்று இன்னொருவன் ஆரம்பிப்பான். வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் ஓய்ந்துவிட வேண்டும் என்பது சட்டம். வாய்ஸ் சாட்டை அது கட்டுப்படுத்தாது. மைக்கை ம்யூட் பண்ணுங்கள்.

இனி வீட்டைவிட்டு வெளியே போகும் பகுதி. வாக்குச்சாவடிக்குள் ஃபோன் கூடாது. பலருக்கு வெயில் எப்படி இருக்கிறது என்று நேரில் தெரியவருவதே அந்த வரிசையில் நிற்கும்போதுதான். இதில் வேலூருக்கு ஒருமுறை அதிர்ஷ்டம் அடித்தது. 2019இல் மக்களவைத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏப்ரல் 16 அன்று, எங்கள் தொகுதியில் தேர்தலை ரத்து செய்தார்கள். கட்டுக்கட்டாகப் பணம் சிக்கியிருந்தது. ஆகஸ்ட் 5 அன்று, கத்திரியெல்லாம் கழிந்தபின், ஓட்டுப் போட்டோம். எங்கள் தலை காய்கிறதே என்று யாரும் தேதியை மாற்றவில்லை, ரூபாய்க்காக மாற்றினார்கள்.

ஆட்டத்தில் செத்தால் லாபிக்குத் திரும்பி அடுத்த மேட்ச் போடலாம். 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் ஜெயலலிதா பேசிய கூட்டத்துக்கு வந்து வெயிலில் சுருண்டு இறந்த இரண்டு பேருக்கு அந்த வசதி இல்லை. 2024இல் வெப்ப அலையைக் கவனிக்கத் தேர்தல் ஆணையம் ஒரு குழு அமைத்தது. தமிழ்நாடு ஓட்டுப் போட்டு முடித்த மூன்றாம் நாள், ஏப்ரல் 22 அன்று. கடைசிக் கட்டமான ஜூன் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெயிலால் இறந்ததாக அந்த மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரியே சொன்னார். இரண்டு நாள் கழித்து, தேர்தலை ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும் என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர். அதே வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். இறக்காமலிருக்க என்ன தருவார்கள் என்பதை வேட்பாளர்தான் சொல்ல வேண்டும். அவரும் வெயில் தாழ்ந்து 6 மணிக்கு மேல்தான் வேனில் ஏறுகிறார்; அவருக்கும் வெயில் தெரியும்.

எனவே அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் போங்கள். சாவடி வாசலில் பந்தலும் தண்ணீரும் இருக்குமா, தேர்தலை மார்ச்சுக்கே முன்னால் நகர்த்தச் சொல்லி அவர் கட்சி கேட்குமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஓட்டு நாளன்று காலை 7 மணிக்கே வரிசையில் நில்லுங்கள். ஃபோன் வீட்டில் விசிறிக்கு நேராக இருக்கட்டும்.