ராஜா, ராணி, வைஃபை

கே: நேரில் ஆடினாலும் போனில் ஆடினாலும் போக்கருக்குச் சீட்டு 52தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?
– திருச்சி வாசகர்

ப: வேகம். லாஸ் வேகாஸ் சீட்டறையில் ஒரு மணி நேரத்துக்கு 30 ஆட்டம் நடந்தால் அதிகம். டீலர் கலைக்க வேண்டும், வெட்ட வேண்டும், சுற்றிப் போட வேண்டும். நடுவில் தொப்பிக்காரர் ஒருவர் கன்னத்தில் கை வைத்து யோசிப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் தன் முட்டிவலியைப் பற்றி ஆரம்பிப்பார். கணினியில் முட்டிவலி கிடையாது. ஒரு மேசையில் மணிக்கு 60, 70 ஆட்டம் ஓடும். நான்கு மேசையை ஒரே திரையில் திறந்து வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. வேகாஸில் பகல் முழுக்க உட்கார்ந்து தோற்க வேண்டியதை, தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் தோற்றுவிட்டு எழுந்திருக்கலாம்.

கே: ‘ரேக்’ என்கிறார்களே, அது யாருக்குப் போகிறது?
– மதுரை வாசகி

ப: ஆட்டம் நடத்துகிறவருக்கு. சீட்டறையில் டீலர் பந்தயக் குவியலிலிருந்து வில்லைகளை எடுத்து, மேசையில் இருக்கும் துளைக்குள் போடுவார். ‘டொக்’ என்று காதில் விழும். அவருக்கு டிப்ஸும் தனியாகத் தர வேண்டும். இணையத்தில் டிப்ஸ் மிச்சம். ஆனால் அந்த ‘டொக்’ கேட்காது.

கே: முகத்தையே பார்க்காமல் எதிராளி டூப் விடுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– நெல்லை வாசகர்

ப: முகத்தைப் பார்த்தாலும் பலர் தப்பாகத்தான் படிக்கிறார்கள். பந்தயம் கட்டும்போது ஒருவருக்குக் கை நடுங்கினால் ‘ஆள் பயந்துட்டான்’ என்று நினைப்போம். பெரும்பாலும் அது கொழுத்த சீட்டு வந்துவிட்ட படபடப்பு. மைக் காரோ என்ற அமெரிக்கர் இந்தச் சேஷ்டைகளையெல்லாம் படம் போட்டு விளக்கி 1984-இல் ஒரு புத்தகமே எழுதினார். கணினியில் பார்க்கக் கிடைப்பவை இரண்டுதான்: எவ்வளவு கட்டுகிறார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார். நேரத்தையும் முழுசாக நம்ப முடியாது. யோசிக்கிறார் என்று நீங்கள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் குக்கரை இறக்கி வைக்கப் போயிருப்பார்.

நார்வேக்காரப் பெண் அன்னெட் ஓப்ரெஸ்டாட் 2007-இல் 180 பேர் ஆடிய இணையப் போட்டி ஒன்றில் தன் சீட்டுகளை மறைத்துக்கொண்டு ஆடினார். ஒரே ஒரு முறைதான் பார்த்தார். ஜெயித்தார். அதே ஆண்டு லண்டனில், நேரில், 18 வயதில் பத்து லட்சம் பவுண்டு பரிசையும் தட்டிக்கொண்டு போனார். தன் சீட்டையே பார்க்காதவருக்கு எதிராளியின் மூக்கும் முழியும் எதற்கு?

கே: கணினி நியாயமாகத்தான் சீட்டைக் கலைக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?
– ஓசூர் பொறியாளர்

ப: உங்கள் ஜாதிக்காரர்களிடமே போவோம். 52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்கள் 8-க்குப் பின்னால் 67 சைபர் போட்ட அளவுக்கு வரும். 1999-இல் இணையப் போக்கர் மென்பொருள் செய்த நிறுவனம் ஒன்று, ‘எங்கள் நேர்மையைப் பாருங்கள்’ என்று தான் சீட்டுக் கலைக்கும் முறையை ஊரறிய வெளியிட்டது. அமெரிக்க நிரலாளர்கள் சிலர் அதை நிஜமாகவே படித்துத் தொலைத்தார்கள். நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி நொடி கழிந்தது என்ற கணக்கை வைத்தே கலைப்பு தொடங்குகிறது என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு மில்லி நொடி 8.64 கோடிதான். கடிகாரத்தைச் சர்வரோடு ஒத்து வைத்தால் சாத்தியங்கள் சுமார் 2 லட்சத்துக்கு இறங்கும். தன் கையில் இரண்டு, மேசையில் மூன்று, ஆக ஐந்து சீட்டு தெரிந்தால் போதும். மற்ற எல்லார் கையிலும் என்ன இருக்கிறது, அடுத்து என்ன விழும் என்று அவர்களுடைய நிரல் ஒப்பித்தது.

கை மட்டும் யோக்கியமா? கட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோக்கிறோமே, அப்படி ஏழு முறை செய்தால்தான் ஓரளவு கலையும் என்று பேயர், டயாகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-இல் காட்டினார்கள். டயாகோனிஸ் முன்னாள் மந்திரவித்தைக்காரர். நம் வீடுகளில் மூன்றாவது தடவையே ‘போதும்ப்பா, போடு’ என்று குரல் வந்துவிடும்.

கே: படங்களில் ஹீரோ, ‘உன் அஞ்சு லட்சம்...’ என்று தள்ளி, ஒரு இடைவெளி விட்டு, ‘அதுக்கு மேல பத்து!’ என்கிறாரே?
– சேலம் ரசிகர்

ப: நிஜச் சீட்டறையில் அந்த இடைவெளியிலேயே டீலர் கையை நீட்டிவிடுவார். முதலில் சொன்ன அஞ்சுதான் செல்லும். பிறகு ஹீரோ பின்னணி இசையோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கே: கணினியில் பழகியவர் நேரில் ஜெயிக்க முடியுமா?
– கோவை வாசகர்

ப: ஜெயித்ததுதான் பிரச்சினையே. டென்னசி மாநிலக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயர்!) நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையத்தில் ஆடி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள 2003 உலகப் போட்டிக்கு இடம் பிடித்தார். 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். மூன்றே ஆண்டில் அந்தப் போட்டிக்கு 8,773 பேர் வந்து நின்றார்கள். முதல் பரிசு அப்போதும் ஒருவருக்குத்தான்.

கே: பெயர் வேண்டாம், மனைவியும் இந்த இதழ் படிக்கிறாள். ஆப்பில் ஆடி நிறைய விட்டுவிட்டேன். கிளப்பில் நேரில் ஆடினால் தேவலையா?
– ஈரோடு

ப: சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முந்தின ராத்திரி ஜமக்காளம் விரித்து ரம்மி நடக்கும். பாயிண்ட்டுக்குப் பத்து பைசா. ஒரு மணி ஆனதும் அத்தை வந்து, ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போவார். ஆப்பில் அத்தை இல்லை. நீங்கள் விட்டது சீட்டினால் பாதி, அத்தை இல்லாததால் மீதி. கிளப் வாசலில் காவலுக்கு நிற்பவரும் அத்தையாகிவிட மாட்டார். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு, திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை போட்டுவிட்டது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஆகவே வீட்டில் சொல்லப் பயப்படாதீர்கள். எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஈரோட்டுக்கு இந்த இதழ் வியாழக்கிழமை காலையே வந்துவிடும்.