மூன்று மீட்டர் புறம்போக்கு

முப்பத்தோரு வருடம் சர்வேயராக இருந்தவனைக் கடற்கரையில் நடக்கக் கூட்டிப்போகக் கூடாது. அவன் கடலைப் பார்க்கமாட்டான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற காம்பவுண்டுச் சுவர் எங்கே ஆரம்பித்து எங்கே பிதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். இதை எங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டியவள் என் மனைவி. சொல்லவில்லை. ஒரு தடவையாவது இந்த மனுஷன் கடலைப் பார்க்கட்டுமே என்று நினைத்தாளாம்.

மகளுக்குத் தென் பிரான்ஸில், சோஃபியா அந்திபோலிஸ் என்கிற இடத்தில் வேலை. ஏதோ கிரேக்க நாடகத்துக் கதாநாயகியின் பெயர் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், பைன் மரம் நட்ட ஓ.எம்.ஆர். எனக்குச் சர்க்கரை உண்டு. தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி ஐந்து வருடமாக டாக்டர் சொல்கிறார்; ஐந்து வருடமாக நானும் தலையாட்டுகிறேன். ஊரில் நடக்காமல் இருப்பதற்குத் தெருநாய், தேங்கிய தண்ணீர், எதிரே வருகிற பழைய மனுதாரர்கள் என்று நியாயமான காரணங்கள் இருந்தன. மூன்றாவது சத்தியமான காரணம். சர்வேயர் ரிட்டயர் ஆகலாம். அவர் அளந்துவிட்டு வந்த வரப்புத் தகராறு ரிட்டயர் ஆவதில்லை. நீஸ் நகரத்துக் கடற்கரையில் இந்த மூன்றும் கிடையாது என்று மகள் என் வாயை அடைத்துவிட்டாள்.

முதல் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். வேளாங்கண்ணியிலும் மெரினாவிலும் பழகிய கால். நீஸ் கரையில் மணல் கிடையாது. முழுக்கக் கூழாங்கல், கோழிமுட்டையில் ஆரம்பித்துத் தேங்காய் வரை எல்லா அளவிலும். மூன்றாவது எட்டில் கரகம் ஆடுகிறவன் மாதிரி இரண்டு கையையும் விரித்தேன். ஐந்தாவது எட்டில் உட்கார்ந்தேன். அதே கல் மேல் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பந்தை விரட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி செருப்போடு வந்து நின்று, "எழுந்திருங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள். யாரும் பார்க்கவில்லை. அங்கே வந்திருந்தவர்கள் உடுத்தியிருந்த அழகுக்கு, பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான். நாங்களும் நாகரிகமாக வானத்தைப் பார்த்தோம்.

மேலே ஏறினால் ஏழு கிலோமீட்டருக்கு உலாச்சாலை. ப்ரோமெனாத் தெஸாங்லே, ஆங்கிலேயர் உலாச்சாலை என்று அர்த்தம். இது போடப்பட்ட கதையைக் கேட்டதும் வருவாய்த் துறைக்காரன் மனசு குளிர்ந்தது. 1820-21 குளிர்காலத்தில் உறைபனி விழுந்து ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகிப்போக, பிழைப்புப் போனவர்கள் நகரத்தில் வந்து கையேந்தினார்கள். வெயில் காய வந்திருந்த ஆங்கிலேயர்களுக்கு அது கண்ணை உறுத்தியது. லூயிஸ் வே என்ற பாதிரியார் தன் ஆட்களிடம் வசூல் செய்து, அந்த ஏழைகளுக்கே கூலி கொடுத்துக் கடலோரமாகப் பாதை போட வைத்தார். நம் நூறு நாள் வேலைக்குப் பாட்டன். பிச்சைக்காரர் தொந்தரவில்லாமல் நடக்க ஒரு பாதை, அதைப் போட அந்தப் பிச்சைக்காரர்களே. எங்கள் தாலுகா ஆபீஸில் எவ்வளவோ பெரிய மூளைகளோடு வேலை பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்கு ஒருவரும் யோசித்ததில்லை.

நடந்துகொண்டே இருக்கும்போது டமாலென்று ஒரு வெடிச்சத்தம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், கல்யாணம் ஆன புதிதில் பிடித்ததுபோல. மகள் சிரித்தாள். மணி பன்னிரண்டு ஆகிவிட்டதாம். 1860களில் இங்கே தங்கியிருந்த ஸ்காட்லாந்துக் கனவான் ஒருவருடைய மனைவி, உலாச்சாலையில் அரட்டையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடுவாராம். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தினம் நண்பகலில் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்துவிட்டார் என்று கதை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் இன்னும் வெடித்துக்கொண்டிருக்கிறது. நான் அந்த மனிதரின் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பற்றி வாய் திறப்பதற்குள் என் மனைவி, "பீரங்கி வாங்கின காசுக்கு ஒரு குக்கரை வாங்கி அந்த ஆளே வடிச்சிருக்கலாமே" என்றாள். 1860இல் குக்கர் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நாற்பது வருட அனுபவம்.

சாப்பிட்டது சொக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. மாட்டு வண்டிச் சக்கரம் போன்ற செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைத்து, சுரண்டிக் காகிதத்தில் போட்டு மிளகுத்தூள் தூவிக் கொடுக்கிறார்கள். மனைவி ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடித் தீர்ப்புச் சொன்னாள்: "பெருங்காயம் இல்லை. மத்தபடி நம்ம ஊரு புள்ளதான்."

இதெல்லாம் முன்னுரை. நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் நடந்தது.

நீஸிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் போலியூ என்று ஒரு ஸ்டேஷன். அழகான இடம் என்று பொருளாம். என் காதில் போலி ஊர் என்றுதான் விழுந்தது. அதற்கேற்றாற்போல விரிகுடா ஓரத்தில் ஒரு பழங்கால கிரேக்க மாளிகை நின்றது. பழங்காலமும் இல்லை, கிரேக்கமும் இல்லை. தேயோதோர் ரைனாக் என்ற பிரெஞ்சு அறிஞர் கிரேக்கத்தின் மேல் உள்ள பித்தில் 1902 முதல் 1908 வரை செலவழித்துக் கட்டிய வீடு, கெரிலோஸ். போலியூரில் போலி கிரேக்க வீடு என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு மகள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தமிழ் குறைந்துகொண்டு வருகிறது.

அங்கிருந்து கடலை ஒட்டிச் சமதளமாக ஒரு நடைபாதை, சேன்-ழான் என்கிற சின்னத் துறைமுகம் வரை. அதைத் தாண்டினால் காப் ஃபெரா என்ற முனை, நாக்கை நீட்டினதுபோலக் கடலுக்குள் போகிறது. முனையைச் சுற்றிப் பாதை. ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கீழே கடல். அதன் நிறத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. மயில் கழுத்து என்று மனைவி சொன்னாள், சேலைக்கடையில் கேட்கிற அதே குரலில். இன்னொரு பக்கம் சுவர், இரும்புக் கதவு, கேமரா, அதற்கும் மேல் பைன் மரங்கள், அதற்கும் மேலே எங்கேயோ வீடு. உலகத்தில் விலை கூடிய நிலங்களில் இதுவும் ஒன்று. இந்த முனையில் உள்ள லே ஸேத்ர் என்ற மாளிகை, தோட்டத்தோடு 14 ஹெக்டேர். தஞ்சாவூர்க் கணக்கில் ஐந்தே கால் வேலி. 2019இல் 20 கோடி யூரோவுக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் 1,500 கோடி ரூபாய்க்கு மேல். ஐந்தே கால் வேலிக்கு! அதில் நெல்கூட விளையாது.

அந்த இடம் ஒரு காலத்தில் பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டின் கையில் இருந்தது. காங்கோ மக்களின் உயிரை உறிஞ்சிய பணத்தில் ஆள் இந்த முனையில் நிலம் நிலமாக வாங்கிப் போட்டிருக்கிறார். மூலப் பத்திரத்தைத் தோண்டினால் எந்தச் சொத்திலும் ஏதாவது நாறும். இது கொஞ்சம் அதிகம். முனையின் கழுத்தில் ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துப் பெயாத்ரீஸ் எஃப்ருஸி கட்டிய ரோஸ் நிற மாளிகை இருக்கிறது. இரு பக்கமும் கடல் தெரிகிற இடம் என்பதால் தான் கப்பலில் போவதாகப் பாவித்து, தோட்டக்காரர்களுக்கெல்லாம் மாலுமி உடை மாட்டிவிட்டாராம் அந்த அம்மா. அந்தத் தோட்டக்காரர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

"இவ்வளவு பெரிய ஆளுங்க, கடல் ஓரத்துல நம்மள எப்படி நடக்க விட்டாங்க?" என்று மனைவி கேட்டாள். மகள் நிதானமாகச் சொன்னாள். புரட்சிக் காலத்திலிருந்து சுங்கக் காவலர்கள் கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரமாக ரோந்து போன தடங்கள் இங்கே உண்டு. பிறகு 1976இல் ஒரு சட்டம் வந்தது: கடலை ஒட்டிய தனியார் நிலம் எதுவானாலும் ஓரத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் நடந்துபோக வழி விட வேண்டும்.

நான் நின்றுவிட்டேன்.

"திருப்பிச் சொல்லு."

"மூணு மீட்டர்ப்பா."

பட்டா நிலத்தில் பாத்தியதைப் பாதை! வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, நத்தம் என்று திருவாரூர் வெயிலில் சங்கிலி இழுத்த ஜென்மம் இது. ஆற்றோரம் ஒன்றரை அடியை மீட்பதற்குள் மூன்று தாசில்தார்கள் மாற்றலாகிப் போவதைப் பார்த்தவன். இங்கே மகாராஜாக்களிடமிருந்தும் கோடீஸ்வரர்களிடமிருந்தும் முழுசாக மூன்று மீட்டர். கடவுளே நேரில் வந்து எஃப்.எம்.பி. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது. இன்னொரு விசேஷம், இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு. நம்மூரில் கடலோரம் அளக்கப் போனால் உயர் அலைக் கோடு எது என்பதிலேயே பாதி வழக்கு. இங்கே புயலடிக்காத நாளில், கடல் வம்புதும்பு இல்லாத பக்கத்து நிலக்காரர்.

அப்புறம் கால் சும்மா இருக்குமா? என் எட்டு இரண்டரை அடி. நான்கு எட்டு வைத்தால் மூன்று மீட்டர், இரண்டு அங்குலம் உபரி. சுவர் ஓரத்திலிருந்து பாறை விளிம்புவரை வைத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் மூன்று எட்டுதான். இரண்டாவது இடத்தில் இரண்டே முக்கால். மூன்றாவது இடத்தில் இரண்டு எட்டு வைத்ததும் மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள், அடுத்தது கடல்.

"ஆக்கிரமிப்பு" என்றேன்.

"ஏங்க, டாக்டர் உங்களை நீளவாக்குல நடக்கச் சொன்னாரு. குறுக்கே இல்ல."

அந்த நேரம் எதிரே ஒரு பிரெஞ்சுப் பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் சின்ன நாயோடு வந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்று எட்டு வைப்பதைப் பார்த்து மகளிடம் ஏதோ கேட்டார். மகள் சங்கடத்தோடு விளக்கினாள். பாட்டியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "ட்ருவா மெத்ர்!" என்று மூன்று விரலைத் தூக்கினார். மூன்று மீட்டர்! நானும் மூன்று விரலைத் தூக்கினேன். நாயை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வளைவில் இருந்த ஒரு சுவரைக் காட்டி அழைத்துப்போனார். இருவரும் சேர்ந்து அளந்தோம். அவர் எட்டு என் எட்டைவிடச் சின்னது. பின்னம் போட்டுச் சரி செய்துகொண்டேன். ஒரு பொது நிலத் தகராறு போதும், பாஷை தேவையில்லை. கேமரா எங்கள் பக்கம் மெல்லத் திரும்பியது. பாட்டி அதற்கும் மூன்று விரலைக் காட்டினார்.

மகள் அதற்குள் கைபேசியில் சட்டத்தைப் படித்து முடித்திருந்தாள். "அப்பா, ஒரு விலக்கு இருக்கு. 1976 ஜனவரி 1க்கு முன்னால கட்டின வீடா இருந்தா, அதுலேர்ந்து பதினஞ்சு மீட்டருக்குள்ள பாதை கேட்க முடியாதாம், வேற வழியே இல்லாத இடம் தவிர." பாட்டியிடமும் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கினார். அவருக்கு இது முன்பே தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். விலக்கு இல்லாத நிலச் சட்டத்தை நான் எங்கே பார்த்தேன்? என்றாலும் மனசுக்குள் அந்தச் சுவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தனை தூரம் நடந்தும் எந்த வீட்டு மாடியிலும் ஒருவர் நின்று கடலைப் பார்க்கவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு தோட்டக்காரர் செடி வெட்டினார், சாதாரண உடையில். ஒரு நாய் குரைத்தது. 1,500 கோடிக்கான காட்சியை ஓசியில் பார்த்தது நாங்களும் பாட்டியும்தான். நான் பார்த்தேனா என்று மனைவி இடைமறித்துக் கேட்கக்கூடும், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. புறம்போக்கு என்றால் ஒரு டீக்கடை, ஒரு வெற்றிலைபாக்குக் கடை, ஒரு பிள்ளையார் இருக்க வேண்டாமா? பாதை சுற்றி முடியும்வரை ஒன்றுமில்லை. நிழல் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. கழிப்பறையும் கண்ணில் படவில்லை. சர்க்கரைக்காரனுக்கு அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய சோதனை என்பதைச் சர்க்கரைக்காரன் அறிவான். கலங்கரை விளக்கம் தெரிந்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது, அங்கேயும் இல்லை. எப்படிச் சமாளித்தேன் என்பது எனக்கும் ஒரு பைன் மரத்துக்கும் மட்டும் தெரியும். அது பட்டா நிலமா பொது வழியா என்று அப்போது நான் அளக்கவில்லை.

கலங்கரை விளக்கத்துக்கு அப்பால், பாதையிலேயே வசதியாக ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தோம். மனைவி தயிர்சாத டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை ஊறுகாய் தனி டப்பா. வடாம் ஒரு பொட்டலம். முதுகுப் பை, தண்ணீர் பாட்டில், நான் கழற்றிப் போட்ட ஷூ, அதற்குப் பக்கத்தில் காயவைத்த சாக்ஸ். பாட்டியையும் உட்காரச் சொன்னோம். நாய்க்கும் ஓர் இடம். ஊறுகாயை நக்கிய பாட்டி ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் வாயில் சோற்றோடு அடுத்த சுவரின் அஸ்திவாரம் எந்தக் காலத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ "பர்தோன்" என்றார்கள். திரும்பினேன். ஓட்டப் பயிற்சிக்காரர் ஒருவர், வேர்த்து விறுவிறுத்து, இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், கைத்தடியோடு ஒரு தாத்தா. எங்கள் விரிப்புக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே பார்த்தேன். ஒன்றேகால் அடி இருக்கும். எட்டு வைத்து அளக்கவில்லை, கண் மதிப்புதான்.