பந்து சோறு போடுமா, சித்தப்பா?

மில்வாக்கி,
25.7.2021

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



"சின்னவன் பொழுதுக்கும் பந்தைத் தட்டிக்கிட்டே திரியறான். அது சோறு போடுமான்னு அந்த ஊர்ல விசாரிச்சுச் சொல்லுப்பா" என்று கேட்டிருந்தீர்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் இப்போது வேறு பேச்சே இல்லை. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் மில்வாக்கி பக்ஸ் அணி 50 வருஷம் கழித்து என்பிஏ கூடைப்பந்துக் கோப்பையை ஜெயித்துவிட்டது. நான் கடுகு தாளித்தாலே ஜன்னலைச் சாத்துகிற பக்கத்து வீட்டு அம்மா, வாசலில் நின்று வாணலியைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போதவில்லையே என்று, நீங்கள் கல்யாணச் சீராகக் கொடுத்த எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தேன். தாம்பாளம் நசுங்கிவிட்டது. மறுநாள் தாளித்தபோது ஜன்னல் திறந்தே இருந்தது.

அன்றைய ஆட்டத்தில் தனி ஆளாக 50 புள்ளி எடுத்தவர் யானிஸ் அடெட்டோகூன்போ. வயது 26, உயரம் ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பெற்றோர் நைஜீரியாவிலிருந்து கிரீஸுக்குப் பிழைக்கப் போனவர்கள். பிள்ளை ஏதென்ஸிலேயே பிறந்தும் 18 வயது வரை குடியுரிமை இல்லை. குடும்பத்தோடு தெருவில் கைக்கடிகாரமும் கூலிங்கிளாஸும் விற்றுக்கொண்டே, இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றில் ஆடியிருக்கிறார். 2013 மே மாதம் குடியுரிமை வந்தது. ஜூனில் டிராஃப்டில் 15ஆவது ஆளாக பக்ஸ் எடுத்துக்கொண்டது.

டிராஃப்ட் என்றால், வருஷத்துக்கு ஒருமுறை 30 அணிகளும் முறை வைத்து, இரண்டு சுற்றில் மொத்தம் 60 பையன்களைப் பொறுக்கி எடுப்பது. எந்த ஊர் வேண்டும் என்று பையனை யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் அப்பத்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்த மாதிரிதான்.

யானிஸ் வந்த வருஷம் பக்ஸ் அணி 82 ஆட்டத்தில் 15தான் ஜெயித்தது. அவரும் ஆட்டத்துக்கு ஏழு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், கையிலிருந்த காசையெல்லாம் ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டார். பிறகுதான் டாக்ஸிக்குக் காசில்லை என்று உறைத்திருக்கிறது. அரங்கத்தை நோக்கி ஓட ஆரம்பித்தவரை, காரில் போன ஒரு தம்பதி அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மாசக் கடைசியில் நடந்து போகிற வித்தை எனக்கும் தெரியும், சித்தப்பா. ஏற்றிக்கொள்ளத்தான் யாரும் வண்டியை நிறுத்தியதில்லை.

அப்புறம் படிப்படியாக ஏற்றம். 2019, 2020 இரண்டு வருஷமும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. போன டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு 22.8 கோடி டாலர் ஒப்பந்தம். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

இவ்வளவு பெரிய ஆளுக்கும், எதிராளி தவறு செய்தால் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ என்றால் தகராறுதான். எறிவதற்குப் பத்து விநாடிதான் கணக்கு. இவர் பந்தைத் தட்டித் தட்டி நேரம் எடுப்பதால், வெளியூர்க் கூட்டம் "ஒன்று, இரண்டு" என்று கோரஸாக எண்ணிக் கேலி செய்யும். கடைசி ஆட்டத்தில் 19 எறிந்து 17 போட்டார். மறுநாள் காலையில் கோப்பையைக் காரில் வைத்துக்கொண்டு சிக்-ஃபில்-ஏ கடைக்குப் போய், கோழித்துண்டு சரியாக 50 வேண்டும், 51ம் வேண்டாம், 49ம் வேண்டாம் என்று கேட்டு வாங்கினார்.

இனி நம் கணக்கு. அணிக்கு 15 பேர் என்றால், உலகம் முழுக்கத் தேடினாலும் என்பிஏவில் 450 இடம்தான். பஞ்சாப் பையன் சத்னம் சிங் ஏழடிக்கு மேல் உயரம். 2015இல் டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். அவருக்கே என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆட வாய்க்கவில்லை. நம் சின்னவன் ஐந்தடி ஆறங்குலம். அதற்காகச் சித்தியோடு சண்டை பிடிக்காதீர்கள், நம் பக்கத்திலும் யாரும் பனைமரம் இல்லை.

ஆனாலும் பந்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். கோடை டூர்னமெண்ட்டுக்கு நம் பெரியகுளத்துக்கு வருகிற ஐஓபி, ரயில்வே ஆட்டக்காரர்களைப் பாருங்கள். பந்துதான் அவர்களுக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது. காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா ஸீட்டும் உண்டு. சாயங்காலம் ஆடட்டும், காலையில் படிக்கட்டும். சோறும் கிடைக்கும், குழம்பும் கிடைக்கும். கோழித்துண்டு 50க்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: தம்பிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜோடி ஷூ கேட்டிருந்தார்கள். ஒரு ஜோடிதான் அனுப்புகிறேன். யானிஸும் அவர் அண்ணனும் ஒரே ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு ஆடித்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று எடுத்துச் சொல்லவும். விலையைச் சொல்ல வேண்டாம்.