சதுரத்துக்குள் ஒரு வாத்தியார்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-ல் கியூஆர் கோடு ஏறியது. அதே புத்தகங்களைப் படித்துவந்த புதுச்சேரிக்கும் அந்தக் கறுப்புச் சதுரம் வந்து சேர்ந்தது. 2024-25ல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின; புத்தகம் மாறியது, சதுரம் மாறவில்லை. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா செயலியில் பாடம் ஓடும்.

ஸ்கேன் செய்ய போன் வேண்டுமே! பிள்ளைகள் பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாது. வீட்டிலிருக்கும் ஒரே போன், மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினலில் லோடுக்குக் காத்திருக்கும் அப்பாவின் சட்டைப் பையில். ராத்திரி அது வீடு திரும்பும்போது சார்ஜ் இருக்காது. இருந்தால் டேட்டா இருக்காது. இரண்டும் இருந்தால் பிள்ளை தூங்கியிருக்கும்.

ஆசிரியருக்கும் படிப்பு உண்டு. 2020 முதல் நிஷ்டா பயிற்சி அதே செயலியில்தான். வீடியோ அதுபாட்டுக்கு ஓடும். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் கற்பித்தலில் ஒரு புதுமை கைவந்துவிடும்.

ஸ்மார்ட் வகுப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால், "சார், நீங்களே சொல்லிடுங்க" என்பான் கடைசி பெஞ்சுக்காரன். அப்டேட் கேட்காத, சிக்னல் தேடாத, நடுவில் விளம்பரம் போடாத கருவி ஒன்று கரும்பலகை ஓரத்தில் ஏற்கெனவே நிற்கிறது. மாதாமாதம் ஒன்றாம் தேதி ரீசார்ஜ் செய்தால் போதும்.